எஞ்சின் வந்து சேரும் நாள்

— அந்தத் தார்ப்பாய எடு, கெல்வின்.

— எந்தத் தார்ப்பாய்?

— ஆப்பிள் பெட்டிக்குப் பின்னாடி, மூலையில, கன்னுக்குட்டி படுத்திருக்கிற மாதிரி ஒண்ணு கெடக்கு பாரு. அதத்தான்.

— அதுவா? அது வந்து... பழைய பம்பு செட்டு, நோலீன். ஆத்துலேர்ந்து தண்ணி எறைச்சது. அதப் போய் என்னத்தப் பாக்கப் போற? வா, கெட்டில்ல தண்ணி கொதிக்குது, ஒரு வாய் டீ குடி. உன் வீட்டுக்காரன் டெனிலிக்வின் போய்ச் சேர்ந்துட்டானாமா?

— பேச்ச மாத்தாத. காலையிலயே கெளம்பிட்டாரு. அங்க யாரோ ஒரு பண்ணைக்காரன் வீட்டு ஷெட்டுல ஹீலி கார் எஞ்சின் ஒண்ணு கெடக்குதாம். முதுகு வலின்னு சொல்லி நீ கூடப் போகல. மனுஷன் தனியாப் போறாரேன்னு சாண்ட்விச் கட்டி, ஃபிளாஸ்க்குல டீ ஊத்திக் குடுத்து அனுப்பினேன். அனுப்பிட்டு நேரா இங்க வரேன். அவரு ஊர்ல இல்லாத நாளாப் பாத்துத்தான் வந்திருக்கேன். எடு அத.

— குனிய முடியல, நோலீன். சத்தியமா.

— அப்ப நான் எடுக்கிறேன். நகரு.

— வேண்டாம், சொன்னாக் கேளு! செலந்தி இருக்கும். முதுகுல செவப்புக் கோடு போட்டது. அந்த இடத்துல குடும்பமே நடத்துது.

— கோதுமைப் பண்ணையில பொறந்தவகிட்ட செலந்தியக் காட்டிப் பயமுறுத்துறியா? தள்ளு அந்தண்ட. இந்த நாயையும் புடி, காலச் சுத்துது. பிஸ்கட், போடா! ம்... பம்பு செட்டு. நல்லாப் பாத்துக்கோ, கெல்வின். உன் பம்பு செட்டுக்கு ஆறு பிளக்கு. ரெண்டு கார்புரேட்டர். ஆத்துல தண்ணி எறைச்சுதா, இல்ல ஆறே இதுக்குள்ள ஓடிச்சா?

— நோலீன்...

— டார்ச்ச இங்க அடி. இந்தத் தகட்டுல என்ன எழுதியிருக்கு? தொடைக்கக்கூட வேண்டாம், நேத்து வெளக்குன பாத்திரம் மாதிரி மின்னுது. எட்டு, ஒண்ணு, மூணு... கடைசி எண்ண நீயே படி. உன் வாயால படி.

— ஆறு.

— சத்தமா.

— எட்டு ஒண்ணு மூணு ஆறு. போதுமா?

— போதுமாவா? என் மக போன் நம்பரக் கேட்டா நான் புஸ்தகத்தப் பாத்துத்தான் சொல்லுவேன். இந்த நம்பரத் தூக்கத்துல தட்டி எழுப்பிக் கேளு, சொல்லுவேன். எங்க வீட்டு கராஜுல ஒரு நீல ஹீலி நிக்குதே, மூக்குக்குள்ள ஒண்ணுமே இல்லாம, மேல போர்வ போத்தி, நான் வாரா வாரம் தூசி தட்டுறேனே, அந்தக் காரு இங்கிலாந்துல தயாரானப்பவே அதுக்குன்னு வச்ச எஞ்சின் இது. ஊர் ஊராப் போயி நீயும் என் வீட்டுக்காரரு லின்ட்சேயும் தேடுற எஞ்சின். நாங்க ஓட்டமா ஓடித் தேடினது, என் வீட்லேர்ந்து பத்து நிமிஷ தூரத்துல, உன் ஷெட்டுல, தார்ப்பாய்க்கு அடியில சொகமாப் படுத்திருக்கு.

— அது வந்து... போன மாசம்தான் கெடச்சிச்சு. சரியான நேரம் பாத்து சொல்லலாம்னு...

— பொய்யி. இன்னொண்ணு சொல்லு, அதையும் கேப்போம்.

— யாரு சொன்னா உனக்கு?

— மருமகன் நம்பரக் கம்ப்யூட்டருல போட்டு வச்சான். 'அத்தே, நீங்களும் மாமாவும் செய்தித்தாள்ல விளம்பரம் குடுத்துக்கிட்டே இருங்க, நான் என் வழியில தேடிப் பாக்கிறேன்'ன்னான். செவ்வாய்க்கெழம ஒரு ஆளு போன் பண்ணினாரு. ஸ்வான் ஹில்காரரு, பேரு வால்ட். பாவம், மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாரு. 'அம்மா, அந்த எஞ்சின நான் பெண்டிகோ பழைய சாமான் சந்தையில வித்தேன்மா. ஊரெல்லாம் வெள்ளக்காடாக் கெடந்துச்சே, அந்த வருஷம்'ன்னாரு. யாருக்குங்கன்னு கேட்டேன். 'பேரு ஞாபகமில்ல, நெட்டையா ஒருத்தரு, மஞ்சப் பிக்கப்பு, வாங்கரட்டா பக்கமாம். காசு எண்ணும்போது பாத்தேன், வலது கையில ஒரு வெரல் இல்ல'ன்னாரு.

— வெரல் இல்லாதவன் இந்தப் பக்கம் நான் ஒருத்தன்தானா?

— கையப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்காத, கெல்வின். அந்த வெரல் போன அன்னிக்கு உன்ன ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கிட்டுப் போனவ நான். லின்ட்சே கார்ல ஃபேன் பெல்ட்ட மாட்டிக் குடுக்கப் போயி விட்ட வெரல் அது. வழியெல்லாம் உன் ரத்தம் என் பாவாடையில.

— மறக்கல, நோலீன்.

— போன வச்சிட்டு நான் என்ன நெனச்சேன் தெரியுமா? சிரிச்சேன். 'அட, கெல்வின் ஏதோ திட்டம் வச்சிருக்கான், லின்ட்சே பொறந்தநாளைக்குக் குடுக்கப் போறான்'ன்னு நெனச்சேன். அப்புறம் அடுப்படியில நின்னுக்கிட்டே யோசிச்சேன். வெள்ளம் வந்த வருஷம்னா எத்தன பொறந்தநாளு போயிருக்கும்? நடுவுல அவருக்கு அறுபதும் வந்துச்சு. நீதான வந்து கேக்கு வெட்டுன!

— முதல்ல அப்படித்தான் நெனச்சேன். சத்தியமா. பொறந்தநாளைக்குன்னுதான் வாங்கினேன். வண்டியில ஏத்திக்கிட்டு வரும்போது பாட்டுப் பாடிக்கிட்டே வந்தேன்னா பாத்துக்கோ. அவன் மூஞ்சி எப்படி மாறும்னு நெனச்சு நெனச்சு சிரிச்சேன்.

— அப்புறம்?

— அப்புறம்... மாறிடுச்சு.

— எது மாறிடுச்சு?

— எல்லாம்தான். அட விடு, நோலீன். எடுத்துக்கிட்டுப் போ. இந்தா, உன் எஞ்சின். நான் தடுக்கல.

— விடுறதா? நல்லாயிருக்கே ஞாயம்! உக்காரு. அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காரு, எனக்குப் பதில் சொல்லிட்டு எந்திரி. என் மக பிரான்வின் கல்யாணத்துல நீ எங்க இருந்த?

— மாப்பிள்ளத் தோழனுக்குப் பக்கத்துல. ஏன்?

— லின்ட்சே கெளாஸத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாரு? கூட்டம் மொத்தமும் கேட்டுச்சே.

— ஞாபகமிருக்கு.

— சொல்லு.

— 'என் பொண்ணு பெர்த்துக்குப் போறா, ரொம்ப தூரம்தான். ஆனா கவலப்படாதீங்க. ஹீலிக்கு அதோட சொந்த எஞ்சின் வந்து சேர்ற அன்னிக்கு, எங்க வீட்டு முன்னாடி விற்பனைக்குன்னு பலக நட்டுட்டு, காரையும் வித்துட்டு, நானும் நோலீனும் அவ வாசல்ல போய் நிப்போம்'ன்னான்.

— எல்லாரும் கை தட்டினாங்க. நீதான் ரொம்ப சத்தமாத் தட்டின. அன்னிக்கிலேர்ந்து நான் அந்த எஞ்சினுக்காக உக்காந்திருக்கேன், கெல்வின். கார எனக்குப் புடிக்காது. எனக்கென்ன, டிராக்டரு ஓட்டினவ நான். ஆனா சொந்த எஞ்சின் இருந்தாத்தான் அதுக்கு வெல, அந்தக் காசு இருந்தாத்தான் பெர்த்துல நமக்குன்னு கூரைன்னு அந்த மனுஷன் சொன்னாரு. சரின்னேன். வேற ஹீலி எஞ்சின் ஒண்ண வாங்கிப் போட்டுருங்களேன்னு கேட்டேன். 'நம்பரு ஒத்துப்போகலேன்னா பழைய கார் கிளப்புக்காரன் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குவான், நோலீன்'ன்னாரு. அதுக்கும் சரின்னேன். பழைய ஓனரு ஒரு ஹோல்டன் கார் எஞ்சினத் தூக்கிப் போட்டிருந்தானே, ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு காரு? அதையும் கழட்டி வித்துட்டாரு. 'அசல் வர்ற வரைக்கும் இதுக்குள்ள போலி எதுவும் இருக்கக் கூடாது'ன்னு சொன்னாரு.

— அப்படித்தான் சொன்னான்.

— பிரானுக்குக் கொறமாசத்துல ரெட்டப்புள்ள பொறந்தப்ப நான் மட்டும்தான் ஓடினேன். லின்ட்சே வரல. ஏன் வரல? பர்க் பக்கத்துல ஒரு ஷெட்டுல எஞ்சின் இருக்குன்னு சேதி வந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் கெளம்பிப் போனீங்க. புள்ளைங்கள கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. பிரான் என் தோள்ல சாஞ்சு, 'அப்பா எங்கம்மா'ன்னு கேட்டா. 'நமக்காகத்தாண்டி அலையிறாரு'ன்னு சொன்னேன். அந்த வருஷம் இது எங்க இருந்துச்சு?

— நோலீன், போதும்.

— எங்க இருந்துச்சுன்னு கேக்கிறேன்.

— இங்கதான்.

— இந்த மூலையிலயேவா?

— அப்ப சன்னலோரம் இருந்துச்சு. ஒழுகுதுன்னு இங்க நகத்தினோம்... நகத்தினேன்.

— இத வச்சுக்கிட்டு எப்படிடா நீ பர்க்குக்குப் போன? அவ்வளவு தூரம் அந்தச் செம்மண்ணுல, இல்லாத எஞ்சினத் தேடிக்கிட்டு, என் வீட்டுக்காரரு பக்கத்துல உக்காந்து என் கையால செஞ்ச கேக்கத் தின்னுக்கிட்டு! ஒரு தடவகூட உனக்குத் தொண்டையில அடைக்கலியா?

— அடைச்சுது.

— ஆனா முழுங்கிட்ட.

— முழுங்கிட்டேன்.

— ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம என் மேசையில உக்காருவ. ஆட்டுக்கறி வறுவல்ல மொத துண்டு உனக்கு. உன் பொண்டாட்டி ரோண்டா செத்ததுலேர்ந்து உன்ன நான் ஒரு நாளாவது பட்டினியா விட்டிருக்கேனா? நீ என்ன செய்வ? கிண்ணத்துல கொழம்ப ஊத்திக்கிட்டே, 'என்ன லின்ட்சே, எஞ்சின் பத்தி ஏதாச்சும் துப்பு உண்டா'ன்னு கேப்ப. கேட்டுட்டு என்னப் பாத்து உச்சுக் கொட்டுவ. இப்ப நெனச்சா வயிறு எரியுதுடா, பாவி. என் உப்பத் தின்னுட்டு என் கண்ணு முன்னாடியே நாடகம் ஆடியிருக்க!

— திட்டு. நல்லாத் திட்டு. எனக்கு வேணும்.

— திட்டாம? கொஞ்சவா வந்திருக்கேன்? போன மே மாசம், மூடுபனி போட்டிருந்துச்சே, நீங்க ரெண்டு பேரும் மில்டுரா போயிட்டு வந்தீங்களே. லின்ட்சே வாசப்படியில நின்னுக்கிட்டு தொப்பியக் கழட்டினாரு. 'நோலீன், எட்டு ஒண்ணு மூணு ஏழு. ஒரே ஒரு எண்ணு தப்பிப்போச்சு'ன்னாரு. நான் எதுக்கும் அழாதவ. அப்பா செத்தப்பகூட மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத்தான் அழுதேன். அன்னிக்கு அடுப்பப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன். அவரு வந்து என் முதுகத் தடவிக் குடுத்தாரு. நீ வாசல்ல நின்னுக்கிட்டுப் பாத்த!

— பாத்தேன். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

— அப்படியா, அய்யோ பாவம்.

— கிண்டல் பண்ணாத, நோலீன். அன்னிக்கு நான்... ஒண்ணுமில்ல.

— இரு. அந்த ஸ்பேனர எடு. அந்தப் பெருசு.

— எதுக்கு?

— எடுன்னா எடு. வெள்ளம் வந்த வருஷத்துலேர்ந்து சும்மாக் கெடந்த எஞ்சினுன்னா உள்ள பிஸ்டன் துருவேறி இறுகிப் போயிருக்கணும். எங்கப்பா டிராக்டர ஒரு மழைக்காலம் நிறுத்தி வச்சதுக்கே நாலு பேரு தொங்கியும் அசையல. கெட்டுப் போனதக் குடுத்து என்ன ஏமாத்தப் பாக்கிறியான்னு பாக்கிறேன். முன்னாடி இருக்கிற இந்த நட்டுதான?

— அதுதான். மெதுவா.

— ...அட.

— ம்.

— ஒத்தக் கையால சுத்துது. வெண்ணெயில கத்தி போற மாதிரி போகுது. இங்க பாரு, பிளக்கு ஓட்டையில புது எண்ணெய். கெல்வின், இத நீ சுத்திக்கிட்டே இருந்திருக்க.

— மாசா மாசம். கொஞ்சம் எண்ணெய் விட்டு நாலு சுத்து. விட்டுட்டா செத்துப் போயிடும்ல? எஞ்சின் மேல எங்களுக்குக் கோவம் ஒண்ணும் இல்லியே.

— எங்களுக்கா?

— எனக்கும் பிஸ்கட்டுக்கும்.

— நாயக் கூட்டுச் சேத்துக்கிட்டுக் களவாணித்தனம்! இது என்ன, முக்காலி மேல? இது என்னோட மெத்தத் தலகாணியில்ல? கிளி போட்ட உறை, நான் தெச்சது. வீடு பூராத் தேடினேன், இத.

— என் முதுகுக்குன்னு லின்ட்சேதான் கொண்டாந்து குடுத்தான்.

— பாத்தியா? பாத்தியா அந்த மனுஷன் மனச? உன் முதுகுக்காக என் தலகாணியத் திருடிக்கிட்டு வந்து குடுத்திருக்காரு. நீ அவரு எஞ்சினத் திருடி வச்சிருக்க. இந்தத் தலகாணியில உக்காந்துக்கிட்டே அவரு எஞ்சினச் சுத்துவியா?

— ஆமா.

— ஏன் கெல்வின்? திட்டி முடிச்சாச்சு, தொண்ட வறண்டு போச்சு. இப்ப நெசமாக் கேக்கிறேன். ஏன்?

— நீ லின்ட்சேகிட்டயே கேட்டுருக்கலாம்.

— அவருகிட்ட என்னத்தக் கேக்கிறது? நீ செஞ்சதுக்கு அவரா பொறுப்பு?

— இல்ல... சரி. நானே சொல்றேன். பாரு நோலீன், எஞ்சின் கெடச்சா என்ன ஆகும்? பலக நடுவீங்க. வீடு போகும், காரு போகும். பெர்த்துல என்ன இருக்கு ஒரு மனுஷனுக்கு? பொண்ணு வீட்டுப் பின்கட்டுல ஒரு ரூமு. காலையில எந்திரிச்சா மருமகன் கார வெளியில எடுக்க ஓரமா நின்னு வழி விடணும். பேரப்புள்ளையப் பள்ளிக்கூடத்துல விடணும், கூட்டியாரணும். அங்க கடல்தான் இருக்கு, அத வச்சுக்கிட்டு என்ன செய்றது? இங்க சனிக்கெழம கிளப்பு இருக்கு. வருஷத்துக்கு ஒருக்கா பெண்டிகோ சந்தை இருக்கு. நடுவுல எவனாவது போன் பண்ணி, எங்க ஷெட்டுல ஏதோ கெடக்குன்னு சொல்லுவான். பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பலாம். ரோட்டுக் கடையில சூடா மீட் பை வாங்கித் தின்னுக்கிட்டு, சன்னலத் தெறந்து வச்சுக்கிட்டு... தேடிக்கிட்டே இருக்கிற வரைக்கும் நாம கெழவன் இல்ல, நோலீன். கெடச்சிட்டா முடிஞ்சு போச்சு. கைய மடியில வச்சுக்கிட்டு உக்கார வேண்டியதுதான். அதுக்குத்தான் பயம்.

— யாருக்குப் பயம்? நீ என்ன லின்ட்சேயப் பத்திப் பேசுறியா, உன்னப் பத்திப் பேசுறியா?

— என்னப் பத்தித்தான். என்னப் பத்தித்தான் பேசுறேன்.

— பெர்த்துக்குப் போகப் போறது நீ இல்லியே.

— இல்ல. நான் இங்கயே கெடப்பேன். தனியா. அதத்தான் சொல்ல வந்தேன். அவன் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? இந்த நாயி.

— ம்.

— வேற ஒண்ணும் இல்ல. என் சொயநலம். எழுதி ஒட்டிக்கோ.

— கிறுக்கா. கிறுக்குப் பயலே. அதுக்கு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? 'நோலீன், நீங்க போயிட்டா நான் தனியாயிடுவேன்'னு சொல்லியிருந்தா உன்னையும் மூட்ட கட்டித் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா? பெர்த்துல கிளப்பு கெடையாதா? அங்க ஹீலி ஓட்டுறவன் எவனும் கெடையாதா?

— நீ கூட்டிட்டுப் போவன்னு தெரியும். அதான் இன்னும் வலிக்குது.

— போன ஞாயித்துக்கெழம சின்னவ கம்ப்யூட்டருல மொகத்த ஒட்ட வச்சுக்கிட்டுக் கேக்கிறா, 'பாட்டி, உனக்குக் காலு இருக்கா?' சும்மா ஒண்ணும் கேக்கல. இடுப்புக்கு மேலதான் என்ன அடிக்கடி பாத்திருக்கா. நானும் எந்திரிச்சு நின்னு காலக் காட்டினேன். சிரிச்சா. போன வச்சப்புறம் உள்ள போய்ப் படுத்துக்கிட்டேன். கேட்டியா? காலு இருக்கான்னு கேக்குது என் பேத்தி.

— நோலீன், என்ன மன்னிச்சுரு. உன்ன நெஞ்சாரக் கேக்கிறேன்.

— மன்னிக்கிறதெல்லாம் அப்புறம். மொதல்ல இதத் தூக்கணும். பிரான் வீட்டுப் பின்கட்டுல குடியிருந்த பையன் காலி பண்றான். எங்களுக்கா, வேற ஆளுக்கான்னு இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லணும். லின்ட்சேகிட்ட கேட்டேன். 'எஞ்சின் இன்னும் வரலியே, கண்ணு'ன்னாரு. வந்துருச்சு இப்ப. உன் செயின் பிளாக்கு அந்த உத்தரத்துல தான தொங்குது? என் வண்டியப் பின்கதவுக்கு ரிவர்ஸ்ல விட்டு நிறுத்தியிருக்கேன். நீ சங்கிலிய மாட்டு, நான் இழுக்கிறேன்.

— இப்பவேவா?

— பின்ன, அடுத்த வெள்ளத்துக்கா? இரு, மொதல்ல பிரானுக்கு ஒரு போன் போட்டுடறேன். ...ஹலோ பிரான்? அம்மா பேசறேன். குட்டிங்க பள்ளிக்கூடம் போயிட்டாங்களா? ...சரி, கேளு. அந்தப் பின்கட்டு வீட்ட யாருக்கும் குடுத்துராத. ...ஆமா. ஆமாண்டி. ரெண்டு பேரும். ...கெடச்சிருச்சு! கைய வச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். ...அழாத, கழுதை. அழாத. அப்பாவுக்கு இன்னும் தெரியாது, டெனிலிக்வின் போயிருக்காரு. நீ முந்திக்கிட்டுப் போன் பண்ணிச் சொல்லிடாத, அவரு மூஞ்சிய நான் பாக்கணும். ...சின்னவகிட்ட சொல்லு, பாட்டி காலோட வரான்னு. வைக்கிறேன்.

— சொல்லிட்டியா?

— சொல்லிட்டேன். நீ ஏன் இப்படிப் பேயறஞ்ச மாதிரி நிக்கிற?

— அவன் வந்தப்புறம் கேட்டுட்டு சொல்லியிருக்கலாம், நோலீன்.

— அவருகிட்ட என்ன கேக்கிறது? இதுக்காகத்தானே உசுர விட்டுக்கிட்டு அலையிறாரு. இங்க பாரு கெல்வின், நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். உன்ன அந்த மனுஷன்கிட்ட காட்டிக் குடுக்கப் போறதில்ல.

— என்னது?

— ஸ்வான் ஹில்காரரு கொண்டாந்து குடுத்தாருன்னு சொல்லிக்கிறேன். வால்ட்டுகிட்டயும் பேசிக்கிறேன், நல்ல மனுஷன், ஒத்துக்குவாரு. இத நீதான் வச்சிருந்தன்னு தெரிஞ்சா லின்ட்சே தாங்க மாட்டாரு. எஞ்சின் போனாக்கூடத் தாங்குவாரு. கெல்வின் தன்ன ஏமாத்திட்டான்னு தெரிஞ்சா அன்னிக்கே ஒடஞ்சிடுவாரு. அந்த ஆளுக்குச் சூது வாது தெரியாது. உன்ன அப்படி நம்புறாரு. அவரு நம்பிக்கைய நான் ஒடைக்க மாட்டேன். எனக்கு நீ செஞ்சது எனக்குள்ளயே கெடக்கட்டும். கல்யாணமாகி இத்தன வருஷத்துல அவருகிட்ட நான் சொல்லப் போற மொத பொய்யி இதுதான், உனக்காக.

— வேண்டாம்.

— என்ன வேண்டாம்?

— எனக்காகப் பொய் சொல்லாத. நீ அப்படிப் பேசப் பேச எனக்கு... பாரு நோலீன், சங்கிலிய விடு. கீழ போடு. ஒரு நிமிஷம் உக்காரு. நான் ஒண்ணு சொல்லணும். அப்பவே சொல்லியிருக்கணும். இத வண்டியில ஏத்திக்கிட்டு வந்த அன்னிக்கே ஒரு ஆளுகிட்ட காட்டினேன்...

— ரோண்டாகிட்டயா? அவளும் உடந்தையா?

— ரோண்டா இல்ல. அவ பாவம். அவ சாகுற வரைக்கும் இது பம்பு செட்டுன்னே நெனச்சா. நோலீன், அன்னிக்குச் சாயங்காலம்...

— ஸ்ஸ். யாரோ வராங்க. வண்டிச் சத்தம்.

— போஸ்ட்டு வண்டியா இருக்கும். நீ கேளு...

— போஸ்ட்டு வண்டிக்கு பிஸ்கட் வாலாட்டுமா? குரைக்காம கதவுக்கு ஓடுது பாரு. அந்த சைலன்சர் சத்தம் எனக்குத் தெரியாதா? லின்ட்சே! டெனிலிக்வின்லேர்ந்து அதுக்குள்ளயா வந்துட்டாரு?

— நோலீன், நீ பின்கதவு வழியா போயிரு. தயவு பண்ணி. வீட்டுக்குப் போ, நான் அவன அனுப்பி வைக்கிறேன், அங்க வச்சுப் பேசிக்கோங்க.

— பயப்படாத, கிறுக்கா, உன்னக் காட்டிக் குடுக்க மாட்டேன்னு சொன்னேன்ல. அவரு நேரா இங்க வந்ததும் நல்லதாப் போச்சு. நான் இந்தப் பெட்டிக்குப் பின்னாடி நின்னுக்கிறேன். உள்ள வரட்டும். எஞ்சின மொதல்ல பாக்கட்டும், அப்புறம் என்னப் பாக்கட்டும். அந்த மூஞ்சியப் பாக்கணும் நான். இத்தன வருஷமாக் காத்திருந்தது அதுக்குத்தானே!

— நோலீன்...

— வாய மூடு. சிரி. இயல்பா இரு.

— லின்ட்சே! டேய், நில்லு! உள்ள வராத, இப்ப வேண்டாம்—

— ஏன்டா கத்துற, மாப்ள? இந்த மாசம் என் முறதான, முதுக வச்சுக்கிட்டு நீ ஏன் தார்ப்பாயெல்லாம் எறக்கின? உக்காரு, நான் எண்ணெய் விட்டு நாலு சுத்து சுத்திடறேன். ரெண்டு மீட் பை வாங்கியாந்திருக்கேன், சூடா இருக்கு, நோலீன் கட்டிக் குடுத்த சாண்ட்விச்ச நாய்க்குப் போடு. சாப்பிட்டுக்கிட்டே யோசிப்போம், டெனிலிக்வின்ல என்ன நடந்துச்சுன்னு அவகிட்ட சொல்லணுமே. போன தடவ ஒரு எண்ணு தப்பிப்போச்சுன்னு சொன்னதுக்குப் பாவம் ரொம்ப அழுதுட்டா. இந்தத் தடவ எலி கடிச்சு வச்சிருந்துச்சுன்னு சொல்லிக்கலாமா?